அம்மா அனுப்பிய கீரை விதை ரொறொன்ரோவில் ஏன் முளைக்கவில்லை?

உங்கள் கேள்வி நீளமாக இருந்தாலும் அதற்குள் இருப்பது ஒன்றுதான். இலங்கையின் வன்னியில் இருக்கும் புதுக்குடியிருப்பிலிருந்து அம்மா அனுப்பிய முளைக்கீரை விதையை மே முதற்கிழமையில் பாத்தியில் தூவினீர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தவையும் இரண்டு இலையோடு நின்று, மஞ்சளித்துச் சாய்ந்துவிட்டன. அதே நாளில் போட்ட, சீனக் கடையில் வாங்கிய பொக் சோய் என்ற சீனக் கீரையின் விதை நன்றாக முளைத்தது. ஆனால் யூன் நடுப்பகுதியில், ஒரு சாண் உயரத்திலேயே மஞ்சள் பூப் பூத்துவிட்டது. மாட்டெரு மூடை மூடையாகப் போட்டும் பலனில்லை, இனி என்ன பசளை போடலாம், அல்லது வன்னி விதை கனடாவுக்கு ஒத்துவராதா என்று கேட்டிருக்கிறீர்கள். பசளையை இப்போதைக்கு ஒருபக்கம் வையுங்கள். உங்கள் பாத்தியில் நடந்தது இரண்டு வேறு வேறு விடயம். முளைக்கீரை சூடு போதாமல் நின்றது. பொக் சோய் பகல் நீண்டதால் பூத்தது. இரண்டையும் ஒரே நாளில் போட்டதால் இரண்டும் கெட்டது. எப்போது எதைப் போடுவது என்பதுதான் நீங்கள் தேடும் பதில்.

நான் கிளிநொச்சிப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். பிறகு பிள்ளைகளோடு ஸ்காபரோவில் பல கோடைகாலம் இருந்து, வீட்டுக் கோடிக்குள் கீரை போட்டிருக்கிறேன். இப்போது மறுபடியும் வன்னியில் இருக்கிறேன். இரண்டு மண்ணிலும் கை வைத்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். ஆனால் ஒன்று: கீழே சொல்லும் திகதிகள் ரொறொன்ரோவுக்கும் அதைச் சுற்றியுள்ள இடங்களுக்கும் மட்டும்தான். எட்மன்ரனிலோ ஒஸ்லோவிலோ இருப்பவர்கள் இதை அப்படியே எடுக்கக் கூடாது. காரணங்கள் எல்லா இடத்துக்கும் ஒன்றுதான், அவற்றைப் பிடித்துக்கொண்டால் திகதியை நீங்களே கணிக்கலாம்.

வன்னியில் கீரை போடும்போது மண்ணின் சூட்டைப் பற்றி நாங்கள் யோசிப்பதில்லை. யோசிக்கத் தேவையும் இல்லை. கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, மார்கழியிலும் மண் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. விதையை மணலோடு கலந்து தூவி, எறும்பு கொண்டுபோகாமல் கொஞ்சம் சாம்பல் போட்டு, பூவாளியால் தெளித்துவிட்டால் மூன்றாம் நாலாம் நாள் பாத்தி பச்சையாகிவிடும். எங்கள் கவலையெல்லாம் தண்ணீர்தான். ஒக்டோபரில் மாரி தொடங்கினால் தை வரை ஈரம் நிற்கும். முசுட்டையும் சாரணையும் வேலியோரம் தானாகவே வரும். அதன் பிறகு கிணறும் குளமும்தான் துணை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வாய்க்கால் ஓரமென்றால் கோடையிலும் கங்குனும் பொன்னாங்காணியும் பறிக்கலாம். மேட்டுக்காணியென்றால் பங்குனியோடு கீரைப்பாத்தி காய்ந்துவிடும். அம்மா உங்களுக்குச் சொல்லித்தந்த பக்குவம் முழுக்கத் தண்ணீரை வைத்துக் காலம் பார்ப்பது. அது பிழையான பக்குவம் இல்லை, அந்த இடத்துக்கு அதுதான் சரி. ரொறொன்ரோவில் தண்ணீர் குழாயில் வருகிறது. அங்கே காலம் பார்க்க வேண்டியது மண்ணின் சூட்டையும் பகலின் நீளத்தையும் வைத்து.

முதலில் முளைக்கீரையை எடுப்போம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சோளம், கரும்பு போல முளைக்கீரையும் தாவரவியலில் சீ4 என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தது. கடும் வெயிலிலும் வெக்கையிலும்தான் அது வேகமாக வளரும். மண் 25 முதல் 30 பாகை இருந்தால் விதை சில நாளில் முளைக்கும். 18 பாகையில் மெல்ல முளைக்கும். 15க்குக் கீழே போனால் விதை மண்ணுக்குள் ஊறிக் கிடக்கும், பெரும்பகுதி அழுகிப்போகும். மே முதற்கிழமையில் ரொறொன்ரோ மண் 10 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். பகலில் வெயில் அடித்து, நீங்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலை செய்திருப்பீர்கள். காற்றுச் சூடாக இருந்திருக்கும். விதைக்குக் காற்று தெரியாது, மண்தான் தெரியும். தப்பி முளைத்த கன்றுகளையும் அந்தக் குளிர் ஈரத்தில் பூஞ்சணம் கழுத்தில் பிடித்து அழுகவைத்திருக்கும். நீங்கள் சொன்ன ‘சாய்ந்துவிட்டது’ என்பது அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தண்டின் அடி நூல்போல மெலிந்து கறுத்திருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

மாட்டெரு வேலை செய்யாததற்கும் இதுதான் காரணம். எருவில் இருக்கும் நைதரசனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுத்தால்தான் செடி எடுக்க முடியும். குளிர்ந்த மண்ணில் அவையும் மந்தமாகிவிடும். செடி மஞ்சளித்து நிற்கும், எரு அப்படியே கிடக்கும். அந்த நேரத்தில் இன்னும் எருவோ யூரியாவோ கொட்டினால் மழை கழுவிக்கொண்டு போகும், அல்லது பிஞ்சு வேரைச் சுடும். யூலையில் மண் சூடானதும் அதே எரு வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஆகவே நீங்கள் போட்டது வீணில்லை, இந்தக் கோடைக்கு அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

அப்படியென்றால் எப்போது போடுவது? ஒன்ராறியோவில் எல்லாரும் மே 24 நீள்விடுமுறையை, அதாவது விக்டோரியா தினத்தை, ஒரு கணக்காக வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு உறைபனி வராது என்று நம்பித் தக்காளி நடுவார்கள். அந்தக் கணக்கு தக்காளிக் கன்றுக்குச் சரி, எங்கள் கீரை விதைக்குப் போதாது. இன்னும் இரண்டு கிழமை பொறுங்கள். யூன் முதலாம் இரண்டாம் கிழமைதான் எங்கள் கீரைக்குக் காலம். திகதியை விடவும் நம்பக்கூடியது ஒரு மலிவான மண் வெப்பமானி. கார்டன் சென்ரரில் கிடைக்கும், இறைச்சி அவிக்கும்போது குத்திப் பார்ப்பதும், குறைந்த சூட்டையும் காட்டுமென்றால், போதும். காலை எட்டு மணிபோல, இரண்டு விரல் ஆழத்தில் குத்திப் பாருங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து 18க்கு மேல் காட்டினால் முளைக்கீரை போடலாம். பசளிக்கும் கங்குனுக்கும் 20 ஆகட்டும். ஒரு கிழமை முன்னதாகவே தொடங்க ஆசையென்றால், மண்ணைக் கொத்தி நனைத்து, கறுப்புப் பிளாஸ்ரிக்கால் மூடி ஓரத்துக்குக் கல் வையுங்கள். மேட்டுப்பாத்தியும் தரைமட்டப் பாத்தியை விட முந்திச் சூடேறும். வன்னியில் நாங்கள் மேட்டுப்பாத்தி போடுவது மாரி வெள்ளம் வடிய. ரொறொன்ரோவில் அதே பாத்தி சூட்டுக்கு உதவும்.

இன்னொரு வழி, வீட்டுக்குள்ளேயே ஏப்ரல் கடைசியில் சின்னச் சாடிகளில் விதை போட்டுக் கன்றாக்கி, யூனில் வெளியே நடுவது. பசளிக்கு இதை நான் கட்டாயம் செய்யச் சொல்வேன், அது தொடக்கத்தில் மெதுவாக வளரும். முளைக்கீரைக்கு அவ்வளவு அவசியமில்லை. கன்றுகளை ஒரேயடியாக வெளியே கொண்டுபோய் நட வேண்டாம். முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று ஒரு கிழமை வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குங்கள். யன்னலோரம் வளர்ந்த இலை நேர்வெயிலில் வெளுத்துக் கருகிவிடும்.

விதையைப் பற்றிக் கேட்டீர்கள். வன்னி விதை கனடாவுக்கு ஒத்துவராது என்று ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விதை உயிரோடு வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. வெக்கையும் ஈரமும் விதையின் ஆயுளைக் குறைக்கும். சமையலறைப் போத்தலில் கன நாள் இருந்திருந்தால் முளைதிறன் இறங்கியிருக்கலாம். இதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதிக்கலாம். இருபது விதையை எண்ணி, ஈரமான கடதாசித் துவாலையில் சுற்றி, ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, வீட்டில் சூடான இடத்தில் வையுங்கள். ஐந்து நாளில் பதினைந்துக்கு மேல் முளைத்தால் விதை நல்லது, பிழை காலத்தில்தான். ஐந்தாறுதான் முளைத்தால் விதையும் பழசு, தடிப்பாகத் தூவிக்கொள்ளுங்கள். ஒன்றும் முளைக்காவிட்டால் புது விதை எடுங்கள்.

இனிப் பொக் சோய். கடுகு, கோவா, முள்ளங்கி எல்லாம் இதன் சொந்தக்காரர்தான். இவற்றுக்குக் குளிர் பிடிக்கும், அது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் ‘குளிர்நாட்டில் இது லேசாக வரும்’ என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு மயக்கம் வருவது இயல்பு, ஏனென்றால் எங்களுக்குத் தெரிந்த குளிர் நுவரெலியாக் குளிர். அங்கே வருடம் முழுக்கக் கோவாவும் லீக்சும் சலாத்துக் கீரையும் வருகின்றன. ஆனால் நுவரெலியாவில் குளிர் இருப்பது உயரத்தால். பகலின் நீளம் வன்னியைப் போலத்தான். வன்னியில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். ரொறொன்ரோவில் யூன் 21ஆம் திகதி பகல் பதினைந்தரை மணித்தியாலத்தைத் தொடும். மார்கழியில் ஒன்பதுக்கு இறங்கிவிடும். அந்த நீளம் எங்கள் நாட்டில் எந்த மலையில் ஏறினாலும் கிடைக்காது.

பொக் சோய், கடுகுக்கீரை, கொத்தமல்லி, கடையில் ஸ்பினாச் என்று விற்கும் கீரை, இவையெல்லாம் பகல் நீள நீளப் பூக்கத் துடிப்பவை. ஸ்பினாச் பகல் 14 மணித்தியாலத்தைத் தாண்டியதும் தண்டு விடத் தொடங்கும். பொக் சோயில் இன்னொரு சிக்கலும் சேரும்: கன்றாக இருக்கும்போது ஒன்றிரண்டு கிழமை நல்ல குளிர் பட்டால், ‘மாரிகாலம் முடிந்தது, இனிப் பூக்கலாம்’ என்று செடிக்குள் ஒரு கணக்கு விழுந்துவிடும். அதன்பின் சூடும் நீண்ட பகலும் வந்ததும் பூத்தண்டு மேலே வரும். நீங்கள் மே தொடக்கத்தில் போட்டதால் கன்றுக்குக் குளிர் பட்டது, யூனில் பகலும் நீண்டது. அது பூத்ததில் அதிசயமே இல்லை. அந்தப் பூத்தண்டை எறிய வேண்டாம். பூ விரியுமுன் மொட்டோடு முறித்து, உள்ளியும் செத்தல் மிளகாயும் போட்டு வறுத்தால் நல்ல கறி. சீனர்கள் அதற்கென்றே சில இனங்களை வளர்க்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. பொக் சோயைக் கெடுக்கும் அதே நீண்ட பகல் எங்கள் கீரைகளுக்கு நன்மை செய்கிறது. முளைக்கீரை, பசளி, கங்குன் மூன்றும் பெரும்பாலும் குறும்பகலில் பூப்பவை. பசளி 13 மணித்தியாலத்துக்கு மேல் பகல் இருந்தால் பூக்காது. வன்னியில் பகல் ஒருநாளும் 13 மணித்தியாலத்தை எட்டுவதில்லை. அதனால் எங்கள் ஊரில் முளைக்கீரை ஒரு மாதம் தாண்டினால் கதிர் விடத் தொடங்கிவிடும். மூன்று நாலு கிழமையில் வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டும் வழக்கம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமென்று நான் நினைக்கிறேன். ரொறொன்ரோவில் யூன் தொடக்கத்தில் போட்ட முளைக்கீரை ஓகஸ்ட் நடுப்பகுதி வரை இலையாகவே தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே அம்மாவைப் போல வேரோடு பிடுங்காதீர்கள். செடி ஒரு முழம் வந்ததும், கீழே நாலு கணு விட்டு மேலே வெட்டுங்கள். பக்கக் கிளை வெடித்து, பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி வெட்டக் கொடுக்கும். ஒரே பாத்தியில் மூன்று நாலு தரம் எடுக்கலாம். கோடை குறுகியதென்று ஏங்குகிறீர்கள். அந்தக் குறுகிய கோடையில் இலை வெட்டு வன்னியை விடக் கூடவே வரும். இனத்துக்கு இனம் இது கொஞ்சம் மாறும், சில சிவப்பு முளைக்கீரைகள் எங்கே போட்டாலும் முந்திக் கதிர் விடும். ஆனால் பொதுப்போக்கு இதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செப்டெம்பரில், பகல் 13க்குக் கீழே இறங்கியபின், சூடான கண்ணாடி வீட்டுக்குள் முளைக்கீரை விதை போட்டாலும் அது விரல் உயரத்தில் கதிர் விட்டுவிடும். விதைக்கு விட நினைத்தால் அதுவும் சிரமம்: செடி பூக்கத் தொடங்குவது கோடை கடைசியில், விதை முற்ற முன் ஒக்டோபர் உறைபனி வந்துவிடும். சில வருடம் தப்பும், சில வருடம் தப்பாது. விதைக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

பொக் சோய்க்கு நல்ல காலம் ஓகஸ்ட். முதலாம் கிழமையிலிருந்து மூன்றாம் கிழமைவரை போடுங்கள். விதை சூடான மண்ணில் இரண்டு மூன்று நாளில் முளைக்கும். செடி வளர வளரப் பகல் குறையும், காற்றுக் குளிரும். பூக்கும் எண்ணமே வராது. செப்டெம்பர் கடைசியில் கை நிறையக் கொழுத்த செடி எடுக்கலாம். ஸ்பினாச்சை ஓகஸ்ட் கடைசியிலும், தற்சோய், மிசுனா போன்ற சீன, யப்பானியக் கீரைகளைச் செப்டெம்பர் தொடக்கம் வரையிலும் போடலாம். இவை இலேசான உறைபனிக்கு அசையாது. குளிர் பட்டதும் இலைக்குள் சீனி கூடும், அதனால் ஒக்டோபர் கடைசியில் பறிக்கும் தற்சோய் கோடையில் பறிப்பதை விட இனிப்பாக இருக்கும். வசந்த காலத்தில் போடுவது பற்றிக் கேட்பீர்கள். ஸ்பினாச்சும் வெந்தயமும் ஏப்ரலில் மண் கொத்தக் கூடியதாக வந்ததும் போடலாம், ஸ்பினாச் 5 பாகையிலும் முளைக்கும். பொக் சோயை வசந்தத்தில் போடுவதானால் வீட்டுக்குள் சூட்டில் கன்றாக்கி மே நடுவில் நட்டு, பிஞ்சிலேயே வெட்டித் தின்னுங்கள். பெரிதாகக் கட்டுவிடும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

நவம்பர் தொடக்கத்தில் ரொறொன்ரோவில் பகல் 10 மணித்தியாலத்துக்குக் கீழே போய்விடும், மாசி தொடக்கம்வரை அப்படியே இருக்கும். அந்த இடைக்காலத்தில் செடி உயிரோடு நிற்குமே தவிர வளராது. பழைய யன்னல் கண்ணாடியை மரப்பெட்டிமேல் வைத்து மூடினால் வளர்ந்த ஸ்பினாச்சையும் தற்சோயையும் பனிக்குள்ளும் காப்பாற்றலாம். ஆனால் நவம்பருக்கு முன் அவை வளர்ந்திருக்க வேண்டும்.

மற்றக் கீரைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கங்குனுக்கு விதை தேட வேண்டாம். ஆசியக் கடையில் ஒரு கட்டு வாங்கி, இலையைச் சுண்டிவிட்டு, அடித்தண்டை இரண்டு மூன்று கணுவோடு ஒரு போத்தல் தண்ணீரில் வைத்தால் ஒரு கிழமையில் வேர் வரும். பொன்னாங்காணியும் அப்படியே. அடியில் ஓட்டையில்லாத வாளியில் மண் போட்டுத் தண்ணீர் தேங்கவைத்தால் கங்குனுக்கு வாய்க்கால் ஓரம்போல இருக்கும். வல்லாரையை அகலமான சாடியில், பாதி நிழலில், மண் காயாமல் வையுங்கள். ஒக்டோபருக்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் சாடியில் மட்டும்தான், கடும் உறைபனி ஒருநாள் பட்டால் போதும், போய்விடும். குளிர்காலத்தில் முருங்கை இலையெல்லாம் கொட்டும். பயந்து தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். மாதம் ஒன்றிரண்டு தரம் கொஞ்சம் நனைத்தால் போதும். அகத்திக்கு அங்கே இடமில்லை, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பூச்சி விடயத்தில் ஊர் அனுபவம் அவ்வளவு உதவாது. வன்னியில் முளைக்கீரையை இலை சுருட்டும் புழுதான் தின்னும். ரொறொன்ரோவில் பொக் சோய், கடுகு இலைகளில் ஊசியால் குத்தியதுபோலப் பொட்டுப் பொட்டாக ஓட்டை வந்தால் அது ஃபிளீ பீட்டில் என்ற சின்னக் கறுப்பு வண்டு. கை வைத்தால் துள்ளிப் போகும். மருந்து தேட வேண்டாம், இலைக்கறிக்கு நான் மருந்து சொல்வதும் இல்லை. விதை போட்ட அன்றே ரோ கவர் என்று விற்கும் மெல்லிய வெள்ளைத் துணியால் பாத்தியை மூடி, ஓரத்தை மண்ணால் அடையுங்கள். வெள்ளை வண்ணாத்திப்பூச்சி முட்டையிடுவதையும் அது தடுக்கும். போன முறை கடுகுக் குடும்பம் நின்ற இடத்தில் அதையே போட்டால், மண்ணுக்குள் இருக்கும் வண்டு துணிக்குள்ளேயே வெளிவரும். இடத்தை மாற்றிப் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் வீடு பழையதென்று எழுதியிருந்தீர்கள், பாத்தி சுவரோரம் என்றும். பழைய வீட்டுச் சுவரிலிருந்து ஈயம் கலந்த பெயின்ற் உதிர்ந்து அந்த மண்ணில் கிடக்கக்கூடும். கீரையின் இலையில் மண் தெறித்து ஒட்டும், வேரும் கொஞ்சம் எடுக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்கள் மண்ணில் ஈயம் இருக்கிறதென்று நான் சொல்லவில்லை; ஆய்வுகூடத்துக்கு ஒரு பிடி மண் அனுப்பினால்தான் தெரியும். அதுவரை சுவரை விட்டு விலகி, வாங்கிய மண் நிரப்பிய பெட்டிப் பாத்தியில் கீரை போடுங்கள். அதேபோல, ஒக்டோபரில் வெளிச்சம் குறைந்தபின் நைதரசன் பசளை போட வேண்டாம், வெயில் போதாதபோது இலையில் நைத்திரேற்று சேர்ந்து நிற்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் முளைக்கீரை, பசளி, ஸ்பினாச் மூன்றையும் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள், எவ்வளவு தின்னலாம் என்பதை அவர்களுடைய வைத்தியரிடம் கேளுங்கள்.

நீங்கள் எழுதியது யூலை முதற்கிழமை. இந்த வருடம் போய்விட்டதென்று நினைக்க வேண்டாம். இந்தக் கிழமையே விதைச் சோதனையைச் செய்யுங்கள். முளைத்தால், சுவரை விட்டு விலகிய அந்தப் பெட்டிப் பாத்தியில் முளைக்கீரையைத் தூவுங்கள். மண் இப்போது நல்ல சூடு, ஓகஸ்ட் நடுவில் வெட்டலாம், செப்டெம்பருக்குள் இரண்டு வெட்டு நிச்சயம். பிஞ்சு பாத்தியில் தெரியும்வரை மேல்மண் காயவிடாமல் காலையில் பூவாளியால் தெளியுங்கள். பொக் சோய் விதையில் மிச்சம் இருந்தால் ஓகஸ்ட் முதற்கிழமைக்கு வேறு ஒரு பாத்தியை ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக, நியூ ஜேர்சியில் இருக்கும் அக்காவுக்குக் கங்குன் தண்டும் பொன்னாங்காணியும் கறிவேப்பிலைக் கன்றும் காரில் கொண்டுபோகலாமா என்று கேட்டீர்கள். கொண்டுபோக வேண்டாம். கங்குனும் பொன்னாங்காணியும் இரண்டுமே அமெரிக்க மத்திய அரசின் தீங்கான களைப் பட்டியலில் இருக்கின்றன. சூடான மாநிலங்களில் நீர்நிலைகளை மூடிவிடும் என்ற பயம். கங்குன் வளர்ப்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கறிவேப்பிலையில் தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி தங்கும், அதனால் அதற்கும் எல்லையில் தடை. அம்மா இனி விதை அனுப்புவதானாலும், கனடிய உணவுப் பரிசோதனை முகவரகத்திடம் எந்த விதைக்கு என்ன பத்திரம் தேவையென்று முதலில் கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். அக்காவை அங்கேயே கடையில் மலபார் ஸ்பினாச் என்று எழுதிய விதைப் பைக்கற்றைத் தேடச் சொல்லுங்கள், அது எங்கள் பசளிதான். நியூ ஜேர்சிக் கோடை ரொறொன்ரோவை விட நீளமானது, மே கடைசியிலேயே கன்றை நட்டு வேலியில் ஏற்றிவிடலாம்.